உள்ளன்பு

தமிழில் 'உள்ளன்பு' என்று ஓர் அழகிய சொல் உண்டு. அன்பு என்பதே உள்ளத்தில் பிறப்பதுதானே, அதற்கு 'உள்' என்னும் அடைமொழி எதற்கு என்று ஒருவர் கேட்கலாம். கேள்வி நியாயமானதே. உள்ளத்தில் பிறவாத அன்பும் உலகில் செலாவணியாகி வருவதால்தான் அந்த அடைமொழி வேண்டியதாயிற்று. உதட்டளவில் நின்றுவிடும் அன்பு, ஆதாயம் இருக்கும் வரையில் நீடிக்கும் அன்பு, நாலு பேர் பார்க்கும்போது மட்டும் சுரக்கும் அன்பு ஆகிய பலவற்றையும் நம் முன்னோர் கண்டிருக்க வேண்டும். அவற்றினின்றும் பிரித்துக் காட்டவே, உண்மையோடு கலந்த அன்பை உள்ளன்பு என்று வழங்கினர். அன்பும் உண்மையும் இந்த ஒரு சொல்லில் எவ்வாறு இணைகின்றன, அன்றாட வாழ்வில் அந்த இணைப்பால் என்ன பயன் என்பதை இங்கே ஆராய்வோம்.

உள்ளத்தில் நிலவுவது உண்மை, வாயில் பிறப்பது வாய்மை, மெய்யாகிய உடம்பின் செயலில் விளங்குவது மெய்ம்மை என்று தமிழாசிரியர்கள் வகுப்பில் விளக்குவது வழக்கம். சொல்லாராய்ச்சிக்கு இவ்விளக்கம் எவ்வளவு பொருந்தும் என்பதை இலக்கணப் புலவர்கள் வாதிட்டுக்கொள்ளட்டும். மாணவர்களுக்கு இது நல்ல நினைவுக் குறிப்பு. திருக்குறளில் அன்புடைமை 8-ஆம் அதிகாரம். அது இல்லறவியலில் இருக்கிறது. வாய்மை 30-ஆம் அதிகாரம். அது துறவறவியலில் இருக்கிறது. இந்த வைப்புமுறையைக் கண்டு, அன்பு குடும்பத்தாருக்கும் உண்மை துறவிகளுக்கும் உரியது என்று சிலர் முடிவு செய்துகொண்டார்கள் போலும்! வீட்டில் அன்பு மழை பொழிந்துகொண்டே கூசாமல் பொய் சொல்பவர்களைப் பார்த்தால் அப்படித்தான் எண்ணத் தோன்றுகிறது. ஆனால் வள்ளுவர் வாய்மைக்கு இலக்கணம் கூறப் புகுந்தபோது, நடந்ததை நடந்தபடி உரைப்பது என்று தொடங்கவில்லை. பிறருக்குத் தீங்கு விளைக்காமையையே அதன் முதல் அடையாளமாக வைத்தார். வாய்மையின் இலக்கணத்துக்குள்ளேயே பிறர்மீது கொள்ளும் அன்பு குடிபுகுந்துவிட்டது.

கடிதங்கள் வழங்கிய காலத்தில், விடுதியில் தங்கிப் படித்த மாணவர்கள் நலம் கூறி, நலம் விசாரித்து, மூன்றாம் வரியில் பணம் கேட்டு எழுதுவார்கள். இன்று கடிதத்தின் இடத்தைக் கைபேசி பிடித்துக்கொண்டது. "சாப்பிட்டாயா?" என்று தாய் கேட்கிறாள். "சாப்பிட்டேன்" என்று பிள்ளை சொல்லுகிறான். இந்த வழக்குச் சொற்களைப் பொய் என்று பழிப்பது எளிது, அது சரியன்று. வாழையிலை உணவாகாது, ஆயினும் இலையில்லாமல் விருந்து பரிமாற முடியாது. நலம் விசாரிக்கும் சொற்களும் அத்தகைய இலைதான். அதில் ஏதேனும் பரிமாறப்படுகிறதா என்பதே கேள்வி. கேட்டவர் விடைக்குக் காத்திருக்கிறாரா? பிள்ளையின் குரல் தளர்ந்திருந்தால் அதைக் கவனிக்கிறாரா? "சாப்பிட்டேன்" என்ற விடையைக் கேட்ட பின்பும், "என்ன சாப்பிட்டாய்?" என்று கேட்கும் தாய், விடையில் இருக்கும் ஓட்டையை ஒரு நொடியில் கண்டுபிடித்துவிடுகிறாள். அந்த இரண்டாவது கேள்வியில்தான் உள்ளன்பு இருக்கிறது.

வேறு ஓர் எடுத்துக்காட்டும் உண்டு. அது அவ்வளவு இனிமையானது அன்று. வீட்டு வேலை செய்யும் அம்மாளுக்குப் பொங்கலுக்குப் புதுப்புடவை எடுத்துக் கொடுத்து, "எங்கள் வீட்டில் ஒருத்தி போலத்தான் வைத்திருக்கிறோம்" என்று மகிழ்ச்சியோடு சொல்லும் குடும்பங்கள் பல. அவற்றுள் சில குடும்பங்களில் மாதச் சம்பளம் முதல் தேதியில் கிடைப்பதில்லை. ஐந்து, பத்து என்று தேதி தள்ளிப்போகும். புடவை தருவதில் கொடுப்பவருக்கு ஒரு மகிழ்ச்சி உண்டு. நாலு பேர் அறிவார்கள். முதல் தேதியில் சம்பளம் தருவதை யாரும் பாராட்டப் போவதில்லை. ஆனால் அந்த அம்மாளின் வீட்டு வாடகையும், பிள்ளையின் பள்ளிச் செலவும், மளிகைக் கடைக் கணக்கும் அந்தத் தேதியை நம்பியே இருக்கின்றன. அவளைக் கேட்டால், புடவையைவிடத் தேதியே பெரிது என்பாள்.

அன்பு உண்மையிலேயே இன்றியமையாத பொருளா, இல்லை, உணவும் உடையும் ஒழுங்காகக் கிடைத்தால் போதுமா என்று சிலர் ஐயுறலாம். இதற்கு அறிவியல் தந்த விடை ஒன்று உண்டு. வியன்னாவில் பிறந்து அமெரிக்காவில் பணியாற்றிய ரெனே ஸ்பிட்ஸ் என்னும் உளவியல் மருத்துவர், 1945-ஆம் ஆண்டில் தம்முடைய ஆய்வொன்றை வெளியிட்டார். இருவகை இடங்களில் வளர்ந்த குழந்தைகளை அவர் ஒப்பிட்டார். ஒன்று, ஆதரவற்ற குழந்தைகளின் காப்பகம். அங்கே தூய்மை மிகுதி; உணவுக்கும் மருத்துவத்துக்கும் குறைவில்லை. நோய் தொற்றாதிருக்கத் தொட்டில்களைச் சுற்றித் துணி தொங்கவிட்டிருந்தார்கள். ஆதலின் குழந்தைக்கு மேற்கூரையைத் தவிர வேறொன்றும் தெரியாது. தூக்கிக் கொஞ்சப் போதிய ஆட்கள் இல்லை. மற்றொன்று, சிறைக்கூடத்தைச் சேர்ந்த குழந்தையகம். அங்கே குற்றம் செய்து தண்டனை பெற்ற பெண்கள் தங்கள் குழந்தைகளைத் தாங்களே சீராட்டி வளர்த்தார்கள். சிறையில் வளர்ந்த குழந்தைகள் தேறின. காப்பகத்துக் குழந்தைகளோ எடை குறைந்து, அழுகையும் அடங்கி, வெறித்த பார்வையோடு கிடந்தன. இரண்டு ஆண்டுகளுக்குள் அவற்றுள் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இறந்துபோயின. ஸ்பிட்ஸின் ஆய்வுமுறையில் குறைகள் உண்டு என்று பின்னர் வந்தவர்கள் எடுத்துக் காட்டினர். ஆனால் அவர் கண்ட திசை தவறில்லை. 1989-க்குப் பிறகு ருமேனிய நாட்டுக் குழந்தைக் காப்பகங்களின் நிலை வெளியுலகுக்குத் தெரியவந்தபோதும், தொடர்ந்து நடந்த ஆய்வுகளிலும், அதே செய்தி மீண்டும் தெளிவாயிற்று. தொட்டுத் தூக்கிப் பேசும் ஒருவர் இல்லாத குழந்தை, பால் குடித்தும் வாடுகிறது.

இதனால் அன்பு வேண்டும் என்பது பெறப்படும். அன்பு மட்டும் போதுமா? இங்கேதான் உண்மையின் வேலை தொடங்குகிறது. இதை விளக்க நம் நாட்டிலேயே, வேலூரில் நிகழ்ந்த வரலாறு ஒன்று இருக்கிறது.

கொல்லிமலையில் 1914-ஆம் ஆண்டில் பிறந்தவர் பால் பிராண்ட். அவருடைய பெற்றோர் அம்மலையூர்களில் தொண்டாற்றிய ஆங்கிலேயர். தந்தையார் 1929-இல் அங்கேயே காய்ச்சலால் இறந்தார். தாயார் எவலின் முதிர்ந்த வயதிலும் மலைவாழ் மக்களிடையே பணிபுரிந்தார். மகன் இலண்டனில் அறுவை மருத்துவம் பயின்று, 1946-ஆம் ஆண்டில் வேலூர்க் கிறித்துவ மருத்துவக் கல்லூரியில் ஆசிரியராகச் சேர்ந்தார். தொழுநோய் வல்லுநராகிய ராபர்ட் காக்ரேன் ஒருநாள் அவரைச் செங்கற்பட்டுக்கு அருகில் இருந்த தொழுநோய் மருத்துவ நிலையத்துக்கு அழைத்துச் சென்றார். அங்கே விரல்கள் மடங்கிப் பறவையின் நகம்போல் வளைந்த கைகளைப் பிராண்ட் பார்த்தார். விரல்கள் குறைந்த கைகளையும் பார்த்தார். இக்கைகளை எலும்பு மூட்டு அறிந்த மருத்துவர் எவரேனும் ஆராய்ந்ததுண்டா என்று கேட்டார். எவரும் ஆராய்ந்ததில்லை என்று அறிந்தார்.

அந்நோயாளிகளிடம் அன்பு காட்டியவர்கள் அதற்கு முன்பும் இருந்தார்கள். உணவளித்தார்கள், புண்ணுக்குக் கட்டுப் போட்டார்கள், ஊரார் துரத்தியபோது இடமளித்தார்கள். அவர்களுடைய தொண்டைக் குறைத்துப் பேசுவது நன்றியில்லாத செயல். ஆயினும் ஒரு தவறான கருத்தை எல்லாரும் ஏற்றுக்கொண்டிருந்தார்கள். இந்நோய் வந்தால் சதை தானாக அழுகும், விரல்கள் தாமாகவே உதிரும், அதற்கு ஒன்றும் செய்வதற்கில்லை என்பதே அக்கருத்து. ஒன்றும் செய்வதற்கில்லை என்று நம்பிவிட்ட அன்பு, கண்ணீர் வடிக்கும், கஞ்சி ஊற்றும், அதற்கு மேல் போகாது.

பிராண்ட் செய்தது மிக எளிய செயல். வளைந்த கையுடைய ஒரு நோயாளியிடம் தம்முடைய கையைக் கொடுத்து, இறுகப் பிடிக்கும்படி சொன்னார். வலுவற்ற பிடியை எதிர்பார்த்தவருக்கு வலி தாங்கவில்லை. செயலற்றது என்று எல்லாரும் கருதிய கையில் அவ்வளவு வலிமை இருந்தது! அந்த ஒரு பிடியில் அவருக்கு உண்மை விளங்கத் தொடங்கிற்று. முன்கைத் தசைகள் நல்ல நிலையில் இருக்கின்றன. நரம்பு கெட்டதால் உள்ளங்கையில் உள்ள சிறு தசைகளே செயலிழந்துள்ளன. நல்ல தசையின் நாணை எடுத்து, வேறு வழியாகக் கொண்டுபோய் விரலில் பொருத்தினால் விரல் நிமிருமன்றோ? பல மாதங்கள் ஆராய்ந்து, அறுவை செய்து, மடங்கிய விரல்களை அவர் நிமிர்த்தினார். தொழுநோயாளியைத் தொட அஞ்சிய காலத்தில், அந்தக் கையைப் பற்றியதால் கிடைத்த அறிவு அது. தள்ளி நின்று இரங்கியவர்களுக்குக் கிடைக்காமற் போனது, பற்றிப் பார்த்தவருக்குக் கிடைத்தது.

கதை இங்கே முடிந்திருந்தால் அது ஒரு வெற்றிக் கதையாக மட்டும் இருந்திருக்கும். முதலில் அறுவை செய்துகொண்டவர்களுள் ஓர் இளைஞர் இருந்தார். கைகள் நேராகி, மகிழ்ச்சியோடு ஊருக்குச் சென்றார். சில நாட்களில் வாடிய முகத்தோடு திரும்பி வந்தார். இந்தக் கைகளால் பயனில்லை என்று முறையிட்டார். வளைந்த கையைக் கண்டு இரங்கிப் பிச்சை போட்டவர்கள், நேரான கையைக் கண்டு போடவில்லை. நோயின் வடுவைக் கண்டவர்கள் வேலையும் தரவில்லை. தங்க இடமும் தரவில்லை. திறமையான அறுவையின் பயன் பட்டினியாக முடிந்தது.

இந்த முறையீட்டைக் கேட்ட மருத்துவர் என்ன செய்திருக்கலாம் என்று மாணவர்கள் எண்ணிப் பார்க்க வேண்டும். "என் கடமை அறுவை செய்வது; அதைச் செய்துவிட்டேன்" என்று சொல்லியிருக்கலாம். அது பொய்யாகாது. நன்றியில்லாதவன் என்று வருந்தியிருக்கலாம். நம்மில் பலர் அதைத்தான் செய்கிறோம். பிராண்டும் அவருடைய உடனுழைப்பாளர்களும் அந்த முறையீட்டை உண்மை என்று ஏற்றுக்கொண்டார்கள். கையை நிமிர்த்தினால் போதாது, அக்கைக்குத் தொழில் கற்றுத்தர வேண்டும் என்று உணர்ந்தார்கள். 1950-களின் தொடக்கத்தில் கல்லூரி வளாகத்தில் எளிய குடிசைகள் எழுந்தன. 'நவஜீவ நிலையம்' என்று அதற்குப் பெயர் வைத்தார்கள். அங்கே தச்சு வேலை கற்றுத்தரப்பட்டது. நோயாளிகள் மரப்பொம்மைகள் செய்து விற்கலாயினர்.

தச்சுப் பட்டறையில் புதிய தொல்லை தோன்றியது. ஆறிய கைகளில் மீண்டும் மீண்டும் புண் வந்தது. சதை தானாக அழுகும் என்ற பழைய கருத்தே சரியோ என்று எவரும் மயங்கியிருப்பர். அவர்களோ நாள்தோறும் ஒவ்வொரு கையையும் பார்த்து, ஒவ்வொரு புண்ணுக்கும் காரணம் தேடத் தொடங்கினர். சுத்தியின் பிடியில் இருந்த பிளவு ஒருவரின் உள்ளங்கையைக் கிழித்திருந்தது. சூடான பாத்திரம் மற்றொருவரின் விரலைச் சுட்டிருந்தது. ஒருநாள், பூட்டொன்றைத் திறக்க முடியாமல் பிராண்ட் திணறியபோது, நோயாளியாகிய ஒரு சிறுவன் சாவியை வாங்கிப் பட்டென்று திருப்பிவிட்டான். அவனுக்கு அவ்வளவு வலிமை எங்கிருந்து வந்தது என்று கையைப் பார்த்தால், சாவி விரலின் சதையைக் கிழித்து எலும்பு வரை சென்றிருந்தது. அவனுக்கு வலி தெரியவில்லை. வலி தெரிகிறவன் இவ்வளவு அழுத்தத்துக்கு முன்பே கையை எடுத்திருப்பான். விரல்களைத் தின்றது நோயன்று, வலியை உணராமையே என்ற பேருண்மை இவ்வாறு சிறுசிறு புண்களின் வழியாக வெளிப்பட்டது.

ஒரு புதிர் மட்டும் மிஞ்சியது. இரவில் முழுதாக இருந்த விரல் சிலருக்குக் காலையில் குறைந்திருந்தது. எவ்வாறு என்று விளங்கவில்லை. இரவெல்லாம் விழித்திருந்து கண்காணித்தபோது காரணம் தெரிந்தது. எலி வந்து, உறங்குபவரின் உணர்ச்சியற்ற விரலைக் கடித்துக்கொண்டிருந்தது! அதன்பிறகு, குணமடைந்து ஊர் திரும்பும் நோயாளிகள் ஒரு பூனையையும் உடன் கொண்டுபோக வேண்டும் என்று விதித்தார்கள். மருத்துவ வரலாற்றில் இவ்வளவு மலிவான மருந்து அதிகம் இல்லை. ஆனால் அந்தப் பூனையைக் கொடுப்பதற்கு முன், யாரோ ஒருவர் இரவு முழுதும் தூங்காமல் இருக்க வேண்டியிருந்தது.

தொழுநோயின் நிலை இன்று வேறு. 1981-ஆம் ஆண்டில் உலக நலவாழ்வு நிறுவனம் பரிந்துரைத்த கூட்டு மருந்துச் சிகிச்சையால் அது முழுமையாகக் குணமாகும் நோயாகிவிட்டது. தொடக்கத்திலேயே கண்டால் கையும் காலும் கெடுவதில்லை. நோயைப் பற்றிய பழைய அச்சம்தான் சில உள்ளங்களில் இன்னும் குணமாகாமல் இருக்கிறது.

வேலூர் வரலாற்றை விரித்துக் கூறியதற்குக் காரணம், நம் அன்றாடச் செயல்களை அளக்க அது ஒரு நல்ல கோலாக இருப்பதே. அன்பு உடையவன் எதிரே இருப்பவரின் நிலையை உள்ளபடி அறிய முயல்கிறான். தான் செய்த உதவியால் என்ன விளைந்தது என்று திரும்பிப் பார்க்கிறான். விடை கசப்பாக இருந்தாலும் கேட்டுக்கொள்கிறான்.

மாணவர் வாழ்விலிருந்தே பார்ப்போம். நண்பன் ஒரு கட்டுரை எழுதிக் கொண்டுவந்து காட்டுகிறான். அரைப் பக்கம் புரட்டிவிட்டு, "மிக நன்றாக இருக்கிறது" என்று சொல்லிவிடலாம். நட்புக்குக் கேடு வராது, நேரமும் மிஞ்சும். முழுதும் படித்து, மூன்றாம் பத்தியில் சொல்லவந்த கருத்து நழுவிவிட்டது என்று எடுத்துக் காட்டுவதற்கு அரைமணி நேரம் வேண்டும். அவன் முகம் சற்றுச் சுருங்கவும் கூடும். புகழ்ந்தவனைவிடப் படித்தவனே அதிக அன்புடையவன். ஆசிரியர்களுக்கும் இது பொருந்தும். நாற்பது குறிப்பேடுகளில் படிக்காமலே கையொப்பம் இடுவது எளிது. பிழையைச் சுழித்து ஓரத்தில் திருத்தம் எழுதிய சிவப்பு மையை அந்த வயதில் நாம் வெறுக்கிறோம். பத்தாண்டு கழித்து, அவர் இரவில் எத்தனை மணிவரை விழித்திருந்தார் என்று எண்ணிப் பார்க்கிறோம்.

இன்னொரு நிகழ்ச்சி. தேர்வில் மதிப்பெண் குறைந்துவிட்டது. "அப்பாவுக்குத் தெரிந்தால் மனம் வருந்துவார்; அவர்மேல் உள்ள அன்பினால்தான் சொல்லவில்லை" என்கிறான் மகன். கேட்பதற்கு அன்புபோலவே இருக்கிறது. சற்று உரசிப் பார்த்தால் உள்ளே இருப்பது அச்சம். தந்தையின் வருத்தத்தைவிடத் தன்மீது வரப்போகும் கோபத்தைப் பற்றிய அச்சம். அச்சப்படுவதில் வெட்கம் ஒன்றுமில்லை. அதற்கு அன்பு என்று பெயர் சூட்டுவதுதான் தவறு. தந்தைமாருக்கும் இதில் பங்குண்டு. உண்மையைச் சொன்ன பிள்ளையைக் கடிந்து, மறைத்த பிள்ளையை அறியாமலே கொஞ்சும் வீட்டில், பிள்ளைகள் எதைக் கற்றுக்கொள்வார்கள்? பிள்ளை அஞ்சாமல் சொல்லும்படி வீட்டை வைத்திருப்பது பெற்றோரின் அன்புக்கு ஒரு தேர்வு.

உண்மையைச் சொல்லுகிறேன் என்ற பெயரால் ஈட்டி எறிபவர்களையும் இங்கே குறிப்பிட்டாக வேண்டும். "நான் மனத்தில் பட்டதைப் பட்டென்று சொல்லிவிடுவேன்" என்று பெருமை பேசுபவர்கள், பெரும்பாலும் தம்மினும் எளியவர்களிடமே அப்பெருமையைக் காட்டுகிறார்கள். மேலதிகாரியின் முன்னே அவர்களுக்கு மனத்தில் ஒன்றுமே படுவதில்லை! நோயாளியைக் காண வந்து, அதே நோயால் இறந்துபோன மூவரின் வரலாற்றை விளக்கமாகச் சொல்லிவிட்டுப் போகும் உறவினரும் இவ்வகையினரே. அவர் சொன்னது ஒருவேளை மெய்யாக இருக்கலாம். வள்ளுவரின் இலக்கணப்படி அது வாய்மையாகாது.

நோயாளியிடம் உண்மையைச் சொல்வதா, மறைப்பதா என்பது கடினமான கேள்வி. நம் குடும்பங்களில் கடும் நோயை நோயாளியிடமிருந்து மறைத்துவிடுவதே வழக்கம். எல்லாருக்கும் பொருந்தும் விடை இதற்கு இருப்பதாகத் தோன்றவில்லை. ஆயினும் மேரி வர்கீஸ் என்னும் மருத்துவரின் வாழ்க்கை சிந்திக்கத் தக்கது. வேலூரில் பயின்ற அவர், 1954-ஆம் ஆண்டில் நேர்ந்த வண்டி விபத்தில் முதுகுத்தண்டு பாதிக்கப்பட்டு, இடுப்புக்குக் கீழே செயலிழந்தார். அவர்மேல் அன்புடையோர் அவரை வாழ்நாள் முழுதும் படுக்கையில் வைத்துப் போற்றியிருக்கலாம். நடக்க இயலாது என்பது உண்மை. கைகளும் அறிவும் முன்போலவே இருக்கின்றன என்பதும் உண்மை. பிராண்ட் இரண்டாவது உண்மையையும் கண்டார். தொழுநோயாளிகளின் கைகளுக்கு உட்கார்ந்தபடியே அறுவை செய்யலாம் என்று ஊக்கினார். சக்கர நாற்காலியில் அமர்ந்தே மேரி வர்கீஸ் அறுவைகள் செய்தார். பின்னர் நியூயார்க் சென்று மறுவாழ்வு மருத்துவம் கற்றுத் திரும்பி, வேலூரில் அத்துறையைத் தொடங்கி வளர்த்தார். 1972-ஆம் ஆண்டில் அவருக்குப் பத்மஸ்ரீ விருது அளிக்கப்பெற்றது. அவருக்கு இரக்கம் காட்டியவர்கள் பலர் இருந்திருப்பர். வேலை கொடுத்தவர் அவருக்கு வாழ்வைக் கொடுத்தார்.

கைகளுக்கு நேர்ந்ததே கால்களுக்கும் நேர்ந்தது. உணர்ச்சியற்ற பாதத்தில் ஆணி தைத்தாலும் தெரியாது. ஒரே இடத்தில் அழுத்தம் விழுந்து புண்ணானாலும் தெரியாது. வேலூரிலும், 1955-இல் நிறுவப்பட்ட கரிகிரித் தொழுநோய் ஆராய்ச்சி நிலையத்திலும், எத்தகைய செருப்பு பாதத்தைக் காக்கும் என்று ஆராய்ந்தனர். நுண்ணிய காற்றறைகள் கொண்ட மெத்தென்ற ரப்பர் அடி பொருத்திய செருப்புகள் அவ்வாராய்ச்சியால் உருவாயின. நீரிழிவு நோய் முற்றியவர்களுக்கும் பாதத்தில் உணர்ச்சி குறைகிறது. ஆதலால், தொழுநோயாளிகளுக்காகச் செய்த செருப்பு இன்று நம் வீடுகளில் நீரிழிவு உள்ள முதியோரின் காலில் இருக்கிறது. 'எம்.சி.ஆர். செருப்பு' என்று கடைகளில் கேட்டால் தருவார்கள்.

செருப்பு வாங்கிக் கொடுத்ததோடு வேலை முடிவதில்லை என்று மருத்துவர்கள் கூறுகிறார்கள். பாதங்களை நாள்தோறும் பார்க்க வேண்டும். முள் தைத்திருந்தாலும், கொப்புளம் எழும்பியிருந்தாலும் பாட்டிக்குத் தெரியாது, குனிந்து உள்ளங்காலைப் பார்க்க அவரால் இயலாது, கண்ணும் மங்கியிருக்கும். பேரனோ பேத்தியோ விளக்கடியில் அமர்ந்து, அவருடைய பாதத்தை மடிமேல் வைத்துப் பார்க்க வேண்டும். குதிகாலையும் பெருவிரலின் அடியையும் முதலில் பார்க்க வேண்டும். பிறகு விரலிடுக்குகளை ஒவ்வொன்றாக விரித்துப் பார்க்க வேண்டும். இரண்டு நிமிடம் ஆகும்.